பழைய பிக்கப் வண்டியை வீட்டிற் புதுக்கும் முறை

கொழும்பு மாநகரின் வட எல்லையிலே, களனி கங்கை கடலொடு கலக்கும் இடத்தை அடுத்து அமைந்துள்ளது மட்டக்குளி. ஒருபுறம் ஆறு, மறுபுறம் கடல், காக்கைதீவின் பக்கமிருந்து ஓயாது வீசும் உப்புக் காற்று. இத்தகைய இடத்தில், வீட்டு முற்றத்துத் தகரக் கொட்டிலின் கீழ் ஒரு பழைய மொறிஸ் மைனர் பிக்கப் வண்டியை வைத்துப் புதுக்க முயல்பவர், பழைய இரும்போடு மட்டுமன்றி ஈரத்தோடும் உப்போடும் போராட வேண்டியவராவர். இப்பணியில் இறங்க விரும்பும் பழைய மாணவருக்கும், பௌதிகமும் இரசாயனமும் கற்கும் இன்றைய மாணவருக்கும் ஒருங்கே பயன்படும் பொருட்டு இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

பழைய வண்டியைத் தொடுவோர் முதலில் விடை காணவேண்டிய வினா ஒன்றுண்டு. எதனைப் பழையபடியே பேணுவது? எதனை மாற்றுவது? இவ்வினாவுக்கு விடை காணாது வேலையைத் தொடங்குவோர், பெரும்பாலும் நிறப்பூச்சிலே தொடங்குவர். பளபளக்கும் வண்டி ஒன்று முடிவிற் கிடைக்கும். ஆனால் அது நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது. நாம் கூற விரும்பும் முறை இதற்கு நேர்மாறானது. முதலில் நிறுத்தும் ஆற்றல், அடுத்து ஓடும் ஆற்றல், இறுதியில் அழகு என்பதே அம்முறை.

வண்டியின் வரலாறு

சரக்கேற்றும் திறந்த பின்தட்டோடு கூடிய சிறு வண்டியைத் தொழிற்சாலையிலேயே முழுமையாகச் செய்து விற்கும் வழக்கத்தை அமெரிக்காவில் போர்ட் நிறுவனம் 1925இல் தொடக்கியது. அவுஸ்திரேலியாவில் 1934இல் அதே நிறுவனத்தார், முன்பாதி காராகவும் பின்பாதி சரக்குத் தட்டாகவும் அமைந்த வண்டியை வெளியிட்டனர். ஞாயிறன்று தேவாலயத்துக்கும் திங்களன்று பன்றிகளுடன் சந்தைக்கும் போகத்தக்க வண்டி வேண்டும் என விவசாயி ஒருவரின் மனைவி எழுதிய கடிதமே அதற்குத் தூண்டுகோல் என்பர்.

மொறிஸ் மைனர் கார் 1948 ஒக்ரோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோட் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரி வண்டி ஒடுங்கித் தோன்றியமையால் அதனை நீளவாக்கில் இரு கூறாக அறுக்கச் செய்து, கூறுகளை விலக்கி விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார் அவர். முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலத்தின் அடையாளமே. பிறக்கும்போதே அறுத்து ஒட்டப்பட்ட வண்டி இது என்பதை நினைவிற் கொள்க. தக்க காரணத்தோடும் அளவோடும் செய்யப்படும் மாற்றம் வண்டிக்கு இழுக்காகாது.

பிக்கப் வகை 1953இல் வந்தது. தொடக்கத்தில் அதன் சுமை 5 அந்தர். அஃதாவது 560 இறாத்தல். பிற்காலத்தில் அது 8 அந்தராக உயர்ந்தது. எஞ்சின் முதலில் 803 கன சென்ரிமீற்றர். 1956 முதல் 948. 1962 முதல் 1098. வீட்டிற் புதுக்குவோருக்கு முக்கியமான வேறுபாடு ஒன்று ஈண்டுண்டு. மைனர் காரின் உடலும் அடியும் ஒன்றாக இணைந்தவை. பிக்கப்பிலோ சசி எனப்படும் அடிச்சட்டம் தனியே உள்ளது; உடல் அதன்மேல் ஆணிகளால் பூட்டப்பட்டுள்ளது. ஆதலின் உடலைக் கழற்றி அப்பால் வைத்துவிட்டு அடிச்சட்டத்தை வெறுமையாக்கிச் சோதிக்கலாம். குறுகிய முற்றமுடைய நகர வீட்டிலும் இவ்வேலை கைகூடுவதற்கு இவ்வமைப்பே காரணம்.

இங்கு இவை எஞ்சியமைக்குக் காரணம்

அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களின் தொடக்கம் முதல் 1977 வரை இலங்கையிற் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. புது வண்டி கிடையாதபோது பழையதைப் பேணும் கைத்திறன் வளர்ந்தது. பஞ்சிகாவத்தைக் கடைகளிற் பழைய உதிரிப்பாகங்களைத் தேடும் வழக்கமும், கிடையாத பாகத்தைக் கடைசல் இயந்திரத்திற் செய்துகொள்ளும் துணிவும் அக்காலத்தில் வேரூன்றின. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் ஒன்றை நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், 1990களில் இலங்கையர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து இந்நாட்டிலேயே தகட்டுப் பாகங்களைச் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். வண்டி பிறந்த நாட்டுக்கே இந்நாட்டுக் கை உறுப்புக் கொடுத்தது. 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டபோது, பழைய வண்டியின் அருமையை ஒரு புதிய தலைமுறையும் உணர்ந்தது.

அடிச்சட்டமும் துருவும்

கடலோர வண்டியின் முதற் பகை துரு. பெட்டி போல் மூடிய உட்குழிவான பகுதிகளில் அது உள்ளிருந்து அரிக்கும். வெளித்தோற்றம் நன்றாகவே இருக்கும். எனவே கண்ணை நம்பாது சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். உறுதியான இரும்பு கணீரென ஒலிக்கும். அரித்தது மந்தமாக ஒலிக்கும். பின்சக்கரங்களின் வில்தகடுகள் பொருந்தும் இடங்களையும், சேறு தங்கும் மூலைகளையும் தவறாது சோதிக்க வேண்டும். அங்கு ஓட்டை காணின், நல்ல இரும்பு வரை வெட்டி நீக்கிப் புதுத் தகட்டை ஒட்டவைத்தலே முறை. பற்றுப் பூசி மறைத்தல் நோயைப் போர்வையால் மூடுதல் போன்றது. ஒட்டுவேலைக்கு முன் பற்றரியின் இணைப்பைக் கழற்றுக. பெற்றோல் தாங்கியை வண்டியிலிருந்தே அகற்றுக. வெறுமையான தாங்கியினுள்ளும் ஆவி தங்கியிருக்கும். அதன்மேல் தீப்பொறி பட்டால் உயிருக்கே அபாயம்.

சிறு பாகங்களின் துருவை மின்பகுப்பு முறையால் நீக்கலாம். பிளாஸ்ரிக் தொட்டியில் நீர் நிரப்பி, லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைக்க. துருப்பிடித்த பாகத்தைப் பற்றரி ஏற்றும் கருவியின் எதிர் முனையிலும், பயனற்ற சாதாரண இரும்புத் துண்டை நேர் முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு தொங்கவிடுக. ஓரிரவிலே துரு இளகிவிடும். இதிற் கவனிக்க வேண்டியவை மூன்று. ஐதரசன் வாயு எழுமாதலின் திறந்த வெளியில், தீயின்றிச் செய்தல் வேண்டும். நேர் முனையில் எவர்சில்வர் வைத்தல் கூடாது. அதிலுள்ள குரோமியத்தால் நச்சுப் பொருள் உண்டாகும். வில்தகடு முதலிய உறுதியூட்டப்பட்ட உருக்குப் பாகங்களை இம்முறைக்கு உட்படுத்தலாகாது. ஐதரசன் உட்புகுந்தால் அவை நொறுங்கும் இயல்பை அடையும்.

துரு நீங்கிய இரும்பை நன்னீரால் கழுவி, உலர்த்தி, அன்றே அடிப்பூச்சுப் பூச வேண்டும். உப்புப் படிந்த இரும்பின்மேல் எவ்வளவு உயர்ந்த நிறம் பூசினும் சில மாதங்களிற் கொப்புளிக்கும். பழைய நிறப்பூச்சில் ஈயம் இருத்தல் கூடுமாதலின் உலர்நிலையில் உரசாது, நீர் விட்டே தேய்த்தல் நன்று. மூக்கையும் வாயையும் மறைத்தல் அவசியம்.

நிற்பதும் திரும்புவதும்

மைனரின் முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்புவதற்கு இடமளிக்கும் கீழ்மூட்டு, புரி வெட்டப்பட்ட ஒன்று. கிரீஸ் இன்றேல் அப்புரி தேயும். முற்றத் தேய்ந்தால் மூட்டுக் கழன்று, ஓடிக்கொண்டிருக்கும் வண்டி முன்பக்கம் சரிந்து விழும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறையேனும் கிரீஸ் ஏற்றுதல் இதற்கு மருந்து. சில நிமிட வேலை. ஆனால் உயிர் காக்கும் வேலை.

பிறேக்கின் நிலையும் இத்தகையதே. நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் செல்லும் வழி ஒன்றே. எங்கேனும் ஒரு குழாய் கசிந்தால் கால்பிறேக்கு முழுவதும் பயனற்றுப் போகும். ஆகவே பழைய இரும்புக் குழாய்களையும் இறப்பர்க் குழாய்களையும் ஐயத்துக்கு இடமின்றிப் புதியனவாக மாற்றுக. இயலுமாயின், முன்சக்கரங்களுக்கு ஒரு வழியும் பின்சக்கரங்களுக்கு ஒரு வழியுமாகப் பிரிக்கும் இரட்டை உருளை அமைப்பைப் பொருத்துக. 1098 எஞ்சினுடைய வண்டிகளின் முன்பிறேக்கு உருளி 8 அங்குலம்; அதற்கு முந்திய வண்டிகளில் 7 அங்குலம். முந்திய வண்டிக்குப் பிந்தியதன் பிறேக்கைப் பொருத்துதல் நல்ல மாற்றம். பழைய பிறேக்குத் தகடுகளில் கல்நார் கலந்திருத்தல் கூடும். அத்தூசியைக் காற்றால் ஊதாது ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

எஞ்சினும் எரிபொருளும்

1990 தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிதாயிற்று. அப்போது ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதை நம்மவர் பலர் அறிவர். சிறிதளவு பெற்றோலால் எஞ்சினைக் கிளப்பிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே வழக்கம். அக்கால எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவாயிருந்தமையால் இது இயன்றது. விகிதம் மிகுந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் உரிய காலத்துக்கு முன்னே வெடித்துத் தட்டும். ஆனால் முற்றும் ஆவியாகாத மண்ணெண்ணெய் உந்தியின் பக்கமாய் வழிந்து எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். ஆகவே அக்காலத்தில் வடக்கில் ஓடிய வண்டியை வாங்குவோர், உந்தி வளையங்களையும் தண்டுத் தாங்கிகளையும் சோதித்த பின்னரே விலை பேசுதல் நன்று.

மற்றொரு மாற்றம் 2002இல் நேர்ந்தது. அவ்வாண்டு இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் விலக்கப்பட்டது. மக்களின், சிறப்பாகக் குழந்தைகளின், உடல்நலத்துக்கு இது பெரு நன்மை. ஆயின் பழைய எஞ்சின்களில் வெளியேற்று வால்வு வந்து அமரும் விளிம்பை அந்த ஈயமே காத்துவந்தது. அக்காப்பு இல்லாதபோது இரும்புத் தலையின் விளிம்பு மெல்ல மெல்லத் தேயும். எஞ்சின் தலையைக் கழற்றும்போதே கடினமான உருக்கு வளையங்களை அங்கு பொருத்துவித்தல் இதற்குத் தீர்வு.

மின்சாரம்

மைனரில் பற்றரியின் நேர் முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டுள்ளது. பிற்கால வண்டிகளில் எதிர் முனை அவ்வாறு இணையும். இதனை அறியாது புதுக் கருவிகளைப் பொருத்துவோர் அவற்றை எரித்துவிடுவர். பழைய டைனமோ தருவது ஏறத்தாழ 20 அம்பியர். 60 வாற்று விளக்குகள் இரண்டு 12 வோல்ற்றில் 10 அம்பியரைக் கொள்ளும்; அஃதாவது பாதி அங்கேயே தீரும். மழையிரவில் மட்டக்குளியிலிருந்து வெள்ளவத்தைக்கு ஓட்டுபவருக்கு அது போதாது. ஓல்டனேற்றர் பொருத்தி, முனைகளை மாற்றி, பழைய துணிச்சுற்றுக் கம்பிகளை நீக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் பியூஸ் வைத்தல் தகும்.

மாற்றத்தின் எல்லை

இனி, தொடக்கத்து வினாவுக்கு வருவோம். கலித்தொகையை 1887இல் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பெரியோர் செல்லரித்த ஏடுகளைக் கையாண்ட முறை நமக்கு வழிகாட்டத்தக்கது. நல்ல பதிப்பாசிரியர் சிதைந்த இடத்தைச் செப்பனிடுவார். தம் சொல்லை ஆசிரியர் சொல்லாகப் புகுத்தமாட்டார். பாடபேதம் உண்டாயின் அதனைக் குறித்துவைப்பார். வண்டியைப் புதுக்குவோருக்கும் இம்மூன்றும் பொருந்தும்.

உயிர்காக்கும் மாற்றங்களைத் தயங்காது செய்க. ஏனைய மாற்றங்களை மீளப் பழையபடி ஆக்கத்தக்க முறையிற் செய்க. டட்சன் சனி போன்ற ஜப்பானிய வண்டியின் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் பொருத்துவோர் உளர். அடிச்சட்டத்தை வெட்டாது, தனித் தாங்கிகளைப் பூட்டி அது செய்யப்படுமாயின், பழைய எஞ்சினைத் துடைத்து எண்ணெய் பூசி வைத்திருப்பவர் மறுபடியும் அதனைப் பொருத்தலாம். வலுமிக்க எஞ்சினுக்கு வலுமிக்க பிறேக்கு முதலில் வேண்டும் என்பதும் மறக்கற்பாலதன்று. எஞ்சின் இலக்கமும் நிறமும் மாறினால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவிலும் மாற்றம் செய்வித்தல் வேண்டும். அடிச்சட்டத்தின் இலக்கத்தை எக்காரணம் கொண்டும் சுரண்டுதலோ மாற்றுதலோ ஆகாது. அது வண்டியின் பெயர்.

இலக்கத்தகடும் ஒரு வரலாற்றுச் சான்றே. 1950களின் முற்பகுதியிற் பதிவான வண்டிகள் சிலோன் என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துக்களைத் தாங்கின. 1957 முதல் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அதனை எதிர்த்துத் தமிழர் தம் வண்டிகளில் தமிழ் எழுத்தைப் பொறித்துப் போராடினர். வண்டி எந்தக் காலத்தில் எந்த நாட்டுச் சூழலில் ஓடியது என்பதை அச்சிறு தகடு சொல்லும்.

இறுதியாக ஒரு குறிப்பேடு தொடங்குக. கழற்றிய பாகம், அதன் அளவு, வாங்கிய இடம், மாற்றியதன் காரணம் ஆகிய அனைத்தையும் நாளோடு எழுதிவைக்க. தகரவேலை அறிந்த முதியோரின் கையறிவு எழுத்தில் ஏறாமலே அவர்களோடு மறைந்து வருகின்றது. மாணவர் ஒருவர் அத்தகைய முதியவரின் அருகில் ஒரு விடுமுறைக் காலம் நின்று, அவர் செய்வதைப் பார்த்து எழுதிவைப்பாராயின், ஒரு வண்டி மட்டுமன்றி ஒரு கலையும் பிழைக்கும். நிறப்பூச்சுக்கு அதன் பின்னரும் காலமுண்டு.