மணி கட்டுமுன் வீட்டைப் பிடித்துக்கொள்

"கணினி வேலை செய்யவில்லை, சற்றுப் பொறுங்கள்" என்று அஞ்சலகத்திலோ மருத்துவமனையிலோ நம்மை உட்கார வைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. உள்ளே யாரோ கோளாறைத் தேடிக்கொண்டிருப்பார்கள். தேடுகிற கையே புதிய கோளாறை உண்டாக்கிவிடவும் கூடும். அது எப்படி, அதற்கு என்ன காவல் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

கணினியில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக்கும் படத்துக்கும் அடியில், எல்லாரிடமும் வேலை வாங்கும் கங்காணியைப் போல ஒரு நிரல் இருக்கிறது. அதற்குக் கர்னல் என்று பெயர். 1991-ஆம் ஆண்டில், பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கர்னல், இன்று நம் பிள்ளைகளின் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் ஓடுகிறது.

கர்னல் எல்லாக் கட்டளைகளையும் எப்போதும் சுமந்துகொண்டிருப்பதில்லை. ஒரு கேமராவை இணைத்தால், அதற்குரிய பகுதியை அப்போது நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும், வேண்டாதபோது இறக்கிவிடலாம். இப்படி ஏற்றி இறக்கும் பகுதியே மாட்யூல். இறக்கிய பின் அது இருந்த இடம் வேறொரு வேலைக்குப் போய்விடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்தெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

ஓடும் கர்னலை நிறுத்தாமலே உள்ளே எட்டிப் பார்க்க, கேபுரோப் என்னும் கருவி 2004-இல் லினக்ஸில் சேர்ந்தது. சந்தேகப்படும் கட்டளையின் முதல் பைட்டை அது பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறது. இன்டெல் வகைச் சில்லுகளில், அந்த இடத்தில் 204 என்னும் எண்ணை எழுதுகிறது. 'இங்கே நில்' என்பது அதன் பொருள். கணினி அங்கே வந்ததும் நின்று, தகவலைச் சொல்லி, பழைய கட்டளையின் நகலை நிறைவேற்றிவிட்டு மேலே நடக்கிறது. வாசலில் மணி கட்டி, வருவோர் போவோரை அறிவது போலத்தான். வேலை முடிந்ததும் பழைய பைட்டைத் திரும்ப எழுதினால் மணி கழன்றுவிடும்.

மணி கட்டிய வீட்டை இடையில் இடித்துவிட்டால்? அதே மனையில் வேறொருவர் குடியேறியிருப்பார். மணியைக் கழற்ற வந்தவர், வீடு மாறியது தெரியாமல், அவர் சுவரில் கைவைப்பார். கணினியில் அது வேறொருவருடைய தகவலின் நடுவே ஒரு பைட்டை எழுதுவதாகும். கணினி உடனே விழுந்தாலும் நல்லது எனலாம். விழாமல், கணக்கைத் தப்பாகப் போட்டுக்கொண்டே ஓடுவதுதான் நமக்குப் பெரிய அச்சம்.

இதற்காக ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. அதைப் பயன்படுத்துவோர் ஒன்று கூட்டுவார்கள். விடும்போது ஒன்று குறைப்பார்கள். எண்ணிக்கை சுழியாகாதவரை மாட்யூலை இறக்கக் கர்னல் மறுக்கும். லினக்ஸ் கணினியில் 'எல்எஸ்மாட்' என்று தட்டினால், மூன்றாம் பத்தியில் இந்த எண்ணைக் காணலாம். ஆனால் வீட்டை அடையாளம் கண்டு, கையை நீட்டுவதற்குள் இடிப்பு தொடங்கிவிடலாம் அல்லவா? ஆகவே 'முயன்று பிடி' என்பதே முறை. மாட்யூல் புறப்படத் தொடங்கியிருந்தால் முயற்சி தோற்கும். மணி கட்ட வந்தவர் விலகிவிட வேண்டும். தேடுவதற்கும் பிடிப்பதற்கும் இடையில் அது மறைந்துவிடாதபடி பார்த்துக்கொள்வதும் கர்னலின் பொறுப்பு.

முதலில், மணி இருக்கும்வரை பிடியையும் விடாமல் வைத்திருந்தார்கள். இது பத்திரம்தான், ஆனால் இரண்டு சங்கடங்கள் வந்தன. ஒரு மாட்யூல் தன் வாசலிலேயே மணி கட்டிக்கொண்டால், தன்னைத் தானே பிடித்துக்கொண்டு வெளியேற முடியாமல் கிடந்தது. அதற்குத் தனி விலக்குத் தரவேண்டியதாயிற்று. மற்றது இதைவிடப் பெரிது. பிழை மாட்யூல் புறப்படும் நேரத்தில்தான் இருக்கிறதென்றால், மணி கட்டியிருக்கும்வரை அது புறப்படவே போவதில்லை. பிறகு எதைப் பார்ப்பது?

2009-இல் முறையை மாற்றினார்கள். மணி கட்டும் சிறு நேரத்துக்கு மட்டும் மாட்யூலைப் பிடித்துக்கொள்கிறார்கள், கட்டியதும் விட்டுவிடுகிறார்கள். மாட்யூல் இருந்த நினைவகத்தை விடுவிக்குமுன் கர்னல் அறிவிப்புத் தருகிறது. அதைக் கேட்டதும் கேபுரோப், அந்த மாட்யூலில் உள்ள மணிகளைத் 'தொலைந்தவை' என்று குறித்துக்கொள்கிறது. பிறகு மணியின் சொந்தக்காரர் வந்தால் தம் பதிவை மட்டும் அடித்துவிட்டுப் போகிறார்; நினைவகத்தில் எதையும் எழுதுவதில்லை.