உங்களுக்குத் தெரியுமா? மழை பொய்த்தாலும் காய்ச்சல் வரும்

மழைக்காலம்தான் நோய்க்காலம் என்று நினைக்கிறோம். ஆனால் இலங்கை கண்ட மிகக் கொடிய மலேரியா, மழை பொய்த்த ஆண்டில்தான் பரவியது. 1934இல் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றிவிட்டது. எப்போதும் நிறைந்து ஓடும் களனி ஆறு, மகா ஓயா, தெதுறு ஓயா எல்லாம் வற்றி, மணலுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கி நின்றன. ஆற்றில் தண்ணீர் ஓடினால் கொசுப் புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடும். வெயில் படும் குட்டையோ மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசுவுக்கு முட்டையிடத் தோதான இடம். மழை வளம் மிக்க அந்தப் பகுதி மக்களுக்கு மலேரியா அவ்வளவாகப் பழக்கமில்லை. உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் இல்லை. போதாக்குறைக்கு விளைச்சலும் போய்ப் பசியில் வாடியிருந்தார்கள். சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அதே தீவை 2016இல் மலேரியா ஒழிந்த நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

●

மலேரியாக் கிருமி கொசுவின் உடம்புக்குள் முதிர்ந்தால்தான் அடுத்தவருக்குத் தொற்றும். அதற்குச் சூடு வேண்டும். உயிரைப் பறிக்கும் ஃபால்சிபாரம் வகை, சுமார் 18 டிகிரி செல்சியசுக்குக் கீழே வளர்வதில்லை. 25 டிகிரிக்கு மேல் ஏறினால் பத்துப் பன்னிரண்டு நாளில் தயாராகிவிடும். கொசு உயிரோடு இருப்பதே சில வாரங்கள்தான். கிருமி முதிர்வதற்குள் கொசு செத்துவிடுமா என்பதை இந்தச் சில டிகிரி வித்தியாசம் தீர்மானிக்கிறது.

●

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அவை பல மாதங்கள் அப்படியே கிடக்கும். மறுபடி நனைந்ததும் பொரிக்கும். ஆகவே தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மழையில் நனையும் டயரும் கொட்டாங்குச்சியும் ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரியும். குழாயில் தண்ணீர் வராத கோடையில், மூடாத டிரம்மிலும் அண்டாவிலும் பிடித்து வைக்கும் தண்ணீரும் அதே ஆபத்துதான். தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்கும் தெருக்களுக்கு டெங்குவும் வருவது அந்த மக்களின் அசட்டையால் அல்ல.

●

1918இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள கேம்ப் கோடி ராணுவ முகாமில் ஃப்ளூ பரவியபோது, அங்கிருந்த ஆய்வகத்து கினிப் பன்றிகளும் செத்து விழுந்தன. பழைய மருத்துவ இதழ் ஒன்றில் இதைப் படித்த பீட்டர் பலேசி என்ற விஞ்ஞானி, நியூயார்க்கில் தம் குழுவோடு கினிப் பன்றிகளை வைத்தே சோதித்துப் பார்த்தார். 2007இல் முடிவு வெளிவந்தது: குளிர்ந்த, வறண்ட காற்றில் ஃப்ளூ எளிதாகத் தாவுகிறது, 30 டிகிரி சூட்டில் காற்று வழியாகத் தாவவே இல்லை. ஆனால் இந்தியாவுக்கு இந்த ஒரே கணக்கு ஒத்துவராது. ஸ்ரீநகரில் ஃப்ளூ குளிர்காலத்தில் உச்சம் தொடும். சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு ஏறும். நாடு முழுவதும் ஒரே மாதத்தில் ஃப்ளூ தடுப்பூசி போடுவது பொருந்தாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

●

சகாரா பாலைவனத்திலிருந்து வீசும் புழுதிக் காற்றுக்கு ஹார்மட்டான் என்று பெயர். அது வீசும் வறண்ட மாதங்களில்தான் செனகல் முதல் எத்தியோப்பியா வரை மூளை உறை அழற்சி பரவும். புழுதியும் வறட்சியும் தொண்டையின் உட்தோலைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழிவிடுகின்றன என்று கருதுகிறார்கள். மழை இறங்கியதும் நோய் அடங்கிவிடும்.

●

காலரா கிருமி, கண்ணுக்கு எளிதில் தெரியாத சின்னஞ்சிறு நீர்ப்பூச்சிகளில் ஒட்டி வாழும். கடலும் கழிமுகமும் சூடேறினால் அந்தப் பூச்சிகள் பெருகும். கூடவே கிருமியும் பெருகும். ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு வங்கதேசக் கிராமங்களில் ஒரு வழி சொல்லிக்கொடுத்தது: பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துக் குடத்து வாயில் கட்டி, தண்ணீரை வடிகட்டுங்கள். 2003இல் வெளியான முடிவுப்படி, காலரா கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. துவைத்துத் துவைத்து நைந்த நூலில் இடைவெளி சிறுத்துவிடுவதால், புதுச் சேலையைவிடப் பழையதே நன்றாக வடிகட்டுகிறது.

●

1993இல் அமெரிக்காவின் தென்மேற்கில் இளைஞர்கள் திடீரென மூச்சுத் திணறி இறந்தார்கள். அதற்கு முன் பெய்த நல்ல மழையில் பின்யான் என்ற பைன் மரத்தின் கொட்டைகள் ஏராளமாக விளைந்து, அவற்றைத் தின்று எலிகள் பெருகியிருந்தன. நோய்க்குக் காரணம் அந்த எலிகள் சுமந்த ஹன்டா வைரஸ். மழையும் கொட்டையும் மிகுந்தால் எலியால் கேடு வரும் என்று நவஹோ பழங்குடிப் பெரியவர்கள் முன்பிருந்தே சொல்லிவந்திருக்கிறார்கள்.

●

கிழக்கு ஆப்பிரிக்காவின் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் ஆடுமாடுகளையும் மனிதர்களையும் ஒருசேரத் தாக்கும். அதன் வைரஸ் கொசு முட்டைக்குள்ளேயே மண்ணில் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும். எல் நினோ மழையில் பள்ளங்கள் நிரம்பினால் வெளிவரும். கடலின் வெப்பத்தையும் தரையின் பசுமையையும் செயற்கைக்கோள் வழியாகக் கவனித்த நாசா விஞ்ஞானிகள், 2006 செப்டம்பரிலேயே எச்சரித்தார்கள். டிசம்பரில் கென்யாவின் கரிசா பகுதியில் நோய் வந்தேவிட்டது. கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது 2007 ஜனவரியில். அந்த முறை கென்யாவில் மட்டும் 150 பேருக்கு மேல் இறந்தார்கள்.