கூன் விழுதலும் என்பு முறிதலும்

முதுமை வந்தால் முதுகு வளையும் என்பது நம்மவர் பலரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட கொள்கை. நரை வருவது போலக் கூனும் தானே வரும் என்றும், அதற்கு ஊன்றுகோலே மருந்து என்றும் எண்ணி அமைகின்றோம். கூன் என்றவுடன் தமிழ் கற்றார் நெஞ்சில் நெடுமாற பாண்டியன் தோன்றுவான். திருஞானசம்பந்தர் பாடலால் அவன் கூன் நிமிர்ந்த வரலாற்றைப் பெரியபுராணம் விரித்துரைக்கும். அஃது அருளின் செயல். நாம் செய்யத்தக்கது, கூன் விழுமுன் காத்தலும், விழுந்தபின் அது தரும் எச்சரிக்கையைக் கேட்டலுமாம்.

இதனை எழுத எம்மைத் தூண்டியது எம் இல்லத்து நிகழ்ச்சியே. எம் அப்பாயி திகன நகரை அடுத்த குன்றுப்புறத் தோட்டமொன்றிற் கொழுந்து பறித்தவர். அறுபதைக் கடந்தபின் அவர் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குனிந்தார். முன்னர்த் தாமே எட்டி எடுத்த சீனிப் பேணியைப் பின்னர் எம்மை அழைத்து எடுப்பித்தார். "கூடை சுமந்த முதுகு, வேறு எப்படி இருக்கும்?" என்று அவர் சிரிப்பார், யாமும் உடன் சிரித்தோம். ஒருநாள் வாசற்படியில் இடறி விழுந்தார்; இடுப்பென்பு முறிந்தது. அதன்பின் அவர் பிறர் துணையின்றி நடந்ததில்லை. அப்பொழுது எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்தைக் காட்டி, முதுகின் முள்ளென்புகள் மூன்று முன்னரே நசுங்கியிருந்தன என்றார் வைத்தியர். பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த யாம், கண்முன் நின்ற அம்முதுகை வாசிக்க அறிந்திலோம்.

மனிதனின் முள்ளந்தண்டு 33 முள்ளென்புகளால் ஆயது. கழுத்தில் 7, மார்புப் பின்புறத்தில் 12, இடுப்பின் மேல் 5. எஞ்சியவை ஒன்றோடொன்று இணைந்து அடிப்பகுதியாய் அமைந்தவை. மார்புப் பகுதியில் இயல்பாகவே 20 முதல் 40 பாகை வரை ஒரு வளைவு உண்டு. அவ்வளைவு 40 பாகையை மிஞ்சும்போது அதனைக் கூன் என்கின்றோம். முள்ளென்பு நசுங்குதல், என்புகளுக்கிடையேயுள்ள தட்டுகள் தேய்தல், முதுகுத் தசைகள் தளர்தல் ஆகிய மூன்றும் இதற்குரிய முதன்மைக் காரணங்கள். கூனுடைய முதியோர் எல்லாருக்கும் என்பு நசுங்கியிருக்கும் என்பதில்லை. ஏறத்தாழ மூவருள் ஒருவரிடத்தேதான் அது காணப்படும் என்பர் ஆய்வாளர்.

வளைவினால் வலிமை குன்றுவது ஏன்? திகனவுக்கு அண்மையில் மகாவலியை மறித்து நிற்கும் விக்டோரியா அணையை நம்மிற் பலர் கண்டிருப்போம். 1985 இல் திறக்கப்பட்ட அவ்வணை 122 மீற்றர் உயரமுடையது. அது வளைந்து நிற்பதனாலேயே வலியது. நீரின் பாரத்தை அதன் வளைவு இருமருங்குப் பாறைகளுக்கும் கடத்திவிடுகின்றது. முதுகின் வளைவுக்கோ சாய்ந்துகொள்ளப் பாறை இல்லை. உடல் முன்னே சாயச் சாயத் தலையின் பாரமும் மார்பின் பாரமும் முள்ளென்புகளின் முன்விளிம்பிலே சென்று தாங்கும். சாயும் உடலை நிறுத்தி வைக்க முதுகுத் தசைகள் பின்னின்று இழுக்கும். அவ்விழுப்பும் என்பையே அமுக்கும். கல்சியம் குறைந்து உள்ளே துளைபட்ட என்பாயின் முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவாகும். ஓர் என்பு ஆப்பாகக் கூன் மிகும். கூன் மிக அடுத்த என்பின் மேற் பாரம் மிகும். இங்ஙனம் ஒன்று மற்றொன்றை வளர்க்கும். அன்றியும், குனிந்து நடப்பவர் சமநிலை இழந்து எளிதில் வீழ்வர். அதனால் இடுப்பும் மணிக்கட்டும் முறியும்.

இவ்வுண்மையை அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள றாஞ்சோ பெர்னாடோ என்னும் ஊரில் நிகழ்ந்த ஆய்வொன்று தெளிவுறுத்திற்று. 2006 இல் வெளியான அவ்வாய்வில் 47 முதல் 92 வயது வரையான 596 பெண்கள் பங்குகொண்டனர். அவர்களை மல்லாந்து படுக்கச் செய்து, தலை சமநிலையில் இருப்பதற்கு 1.7 சென்ரிமீற்றர் கனமுள்ள கட்டைகள் எத்தனை வேண்டியிருந்தன என எண்ணினர். ஒரு கட்டையேனும் வேண்டியவரைக் கூனுடையவர் எனக் கொண்டு, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கவனித்தனர். கூனுடையோர்க்குப் புதிதாய் என்பு முறியும் வாய்ப்பு ஏனையோரினும் 1.7 மடங்காக இருந்தது. முன்னரே முறிவு உற்றமையும் என்பின் அடர்த்திக் குறைவும் கணக்கில் நீக்கப்பட்ட பின்னரும் அவ்வேறுபாடு நிலைத்தது. ஆகவே கூன், என்பு மெலிவின் அடையாளம் மட்டுமன்று. தானே ஓர் ஆபத்தும் ஆகலாம்.

முள்ளென்பு முறிவுகளுட் பெரும்பாலானவை வலியால் தம்மை அறிவிப்பதில்லை. ஆயினும் அவற்றை அற்பமென்று தள்ளலாகாது. புதிதாய் முள்ளென்பு முறிந்த பெண்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கு ஓராண்டுக்குள் மற்றொரு முள்ளென்பும் முறிந்ததாக 2001 இல் வெளியான ஆய்வு காட்டியது.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகள் சில உள. குதிகாலும் முதுகும் சுவரிற் படுமாறு நேரே நின்றால் பின்தலையும் சுவரைத் தொடுதல் வேண்டும். தொடாவிடின் வைத்தியரிடம் காட்டுக. கல்லூரி நாளில் தேகப்பயிற்சி ஆசிரியர் அளந்த உயரம் நினைவிருப்பின் இன்றைய உயரத்தோடு ஒப்பிடுக; 4 சென்ரிமீற்றருக்கு மேற் குறைந்திருப்பின் முள்ளென்பு நசுங்கியிருத்தல் கூடும். காய்ச்சல், மெலிவு, இரவு வியர்வை என்பவற்றோடு முதுகில் ஓரிடம் கூராகப் புடைக்குமாயின் அது முதுமைக் கூன் அன்று. 1779 இல் பேர்சிவல் பொட் என்னும் ஆங்கில வைத்தியர் விவரித்த முள்ளந்தண்டுக் கசரோகமாகவும் இருக்கலாம். அதற்குத் தாமதியாது சிகிச்சை பெறுக.

பரிகாரமும் உண்டு. என்பின் அடர்த்தியை அளக்கும் கதிர்ச் சோதனையும், முறிவைக் குறைக்கும் மருந்துகளும் இன்று உள்ளன. அவற்றை வைத்தியரே விதித்தல் வேண்டும். பயிற்சி நன்றெனினும் எல்லாப் பயிற்சியும் நன்றன்று. என்பு மெலிந்த பெண்களிடையே அமெரிக்காவில் நிகழ்ந்து 1984 இல் வெளியான ஆய்வில், முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்தோரில் 16 வீதத்தினர்க்கே முள்ளென்புகள் மேலும் நசுங்கின. முன்னே வளையும் பயிற்சி செய்தோரில் 89 வீதத்தினர்க்கு அவ்வாறு நேர்ந்தது. எனவே என்பு மெலிந்த முதியோர் காற்பெருவிரலைத் தொட முயலாதிருப்பதே நலம். பாரத்தைக் குனிந்து தூக்காமையும் நன்று. திகனவிலுள்ள புனர்வாழ்வு வைத்தியசாலை போன்ற இடங்களில் தக்க பயிற்சியாளரின் கீழ் இவற்றைக் கற்றல் சிறந்தது. குரக்கன், எள்ளு, கீரை, பால், தயிர், மச்சம் உண்போர்க்கு முள்ளோடு உண்ணும் நெத்தலி ஆகியன கல்சியம் தருவன. இளவெயில் விற்றமின் டியை உதவும். வழுக்கும் படியைத் திருத்துதலும், இரவில் விளக்கொன்று எரியவிடுதலும் மருந்துக்கு நிகரான காவல்களாம்.

இம்மலரை வாசிக்கும் மாணவர்க்கு ஒரு சொல்: என்பிற்கு முதல் சேர்க்கும் காலம் இளமையே, ஓடி விளையாடி நன்கு உண்டு அதனைச் சேர்த்துக்கொள்மின். பழைய மாணவர்க்கும் ஒரு சொல்: இவ்விடுமுறையில் வீடு செல்லும்போது அன்னையைச் சுவரோரம் ஒருகால் நிறுத்திப் பாருங்கள். அவர் நகைப்பார், நகைக்கட்டும். எம் அப்பாயியை யாம் அவ்வாறு ஒருநாளும் நிறுத்திப் பார்த்ததில்லை.