குரலும் கருவியும் – 14: அன்னம் பிரித்த குரல்

போன வாரம் பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையைப் பார்த்தோம். மாற்றி முடித்தவர்களுக்கு அடுத்த தலைவலி, கேசட்டில் இருந்த இரைச்சலும் ஒரு பொட்டு குறையாமல் கூடவே வந்திருப்பது. ஏஐ செயலியில் போட்டால் ஒரே நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள். ஆகிறது என்பது உண்மைதான். எதை நீக்கி, எதைச் சேர்த்துப் பளிச்சென்று ஆக்குகிறது என்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

1970களின் பிற்பகுதியில், நியூயார்க்கின் டகோட்டா கட்டடத்தில் இருந்த தன் வீட்டில், பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லென்னன் பியானோ வாசித்தபடியே பாடிச் சில மெட்டுகளைக் கேசட்டில் பதிந்து வைத்தார். வெளியிடுவதற்காகப் பதிந்தவை அல்ல. 1980 டிசம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994இல் அவர் மனைவி யோகோ ஓனோ அந்தப் பதிவுகளை பால் மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். மீதமிருந்த மூன்று பீட்டில்ஸும் சேர்ந்து அவற்றில் இரண்டு பாடல்களை முடித்து வெளியிட்டார்கள். மூன்றாவது பாடலான ‘நவ் அண்ட் தென்’ மட்டும் மசியவில்லை. பியானோ ஓங்கும் இடத்திலெல்லாம் குரல் அமுங்கிப்போனது. போதாக்குறைக்கு, மின்சாரத்திலிருந்து ஏறிய ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் நாடா முழுக்க ஓடியது. குரலும் பியானோவும் ஒரே தடத்தில் இருந்ததால், குரலைக் கூட்டினால் பியானோவும் கூடியது. பியானோவைக் குறைத்தால் குரலும் போனது. பாட்டைக் கைவிட்டார்கள். 2001இல் அந்த மூவரில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசனும் காலமானார்.

வழி எதிர்பாராத இடத்திலிருந்து பிறந்தது. 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் ஒத்திகை பார்த்ததைப் படமெடுத்த சுருள்கள் சுமார் 60 மணி நேரத்துக்கும், ஒலிநாடாக்கள் சுமார் 150 மணி நேரத்துக்கும் கிடந்தன. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் அவற்றை ‘கெட் பேக்’ என்ற தொடராக்கி 2021இல் வெளியிட்டார். ஒலியெல்லாம் ஒற்றைத் தடம். அதிலும், தங்கள் பேச்சைப் படக்குழு ஒட்டுக்கேட்கக் கூடாதென்று கிதாரைச் சத்தமாக மீட்டிக்கொண்டே பேசியிருக்கிறார்கள் இந்தக் கில்லாடிகள். நியூசிலாந்தில் ஜாக்சனின் குழு இதற்கென்றே ஒரு மென்பொருளை எழுதியது. கிதார் எப்படி ஒலிக்கும், டிரம்ஸ் எப்படி ஒலிக்கும், ஜான் எப்படிப் பேசுவார் என்று அதற்குக் கேட்கக் கேட்கப் பழக்கினார்கள். அதற்கு ‘மால்’ என்று பெயர். பீட்டில்ஸோடு ஊர் ஊராகச் சுற்றிய உதவியாளர் மால் எவன்ஸின் நினைவாகவும், ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் வரும் ‘ஹால்’ என்ற கணினியின் பெயரை ஒட்டியும் வைத்த பெயர். பாலில் கலந்த நீரை அன்னம் பிரிக்கும் என்று நம் புலவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். பிரித்த அன்னத்தை யாரும் பார்த்ததில்லை. இது பிரித்தது. கிதாரை ஒதுக்கிவிட்டுப் பேச்சைத் தனியே எடுத்துக் கொடுத்தது.

அதே முறையை லென்னனின் நாடாவுக்கும் பயன்படுத்தினார்கள். பியானோ ஒருபுறமும் குரல் மறுபுறமும் ஒதுங்கின. 2023 நவம்பர் 2 அன்று பாட்டு வெளிவந்து, இங்கிலாந்துப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2025 பிப்ரவரியில் கிராமி விருதும் கிடைத்தது.

வெளிவருவதற்குச் சில மாதம் முன்பு, ஏஐ உதவியோடு ஒரு பீட்டில்ஸ் பாட்டு தயாராகிறது என்று மெக்கார்ட்னி பிபிசி வானொலியில் சொல்லிவைக்க, செத்துப்போனவரின் குரலைக் கணினியில் செய்து பாடவைக்கிறார்களா என்று ரசிகர்கள் கொந்தளித்தார்கள். இதில் செயற்கையாக உருவாக்கியது எதுவும் இல்லை, எல்லாம் நாங்கள் பாடி வாசித்ததுதான் என்று அவர் விளக்கம் கொடுக்கவேண்டியதாயிற்று.

கொந்தளித்தவர்களையும் குறை சொல்ல முடியாது. ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் ஒலிக்கவைத்ததும் ஏஐதான். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்தே செய்ததாக 2024இல் அவர் அறிவித்தார். அங்கே அந்த இருவரும் அந்த வரிகளைப் பாடியதில்லை. லென்னன் பாடியிருந்தார். செய்தித்தாளில் இரண்டுக்கும் ஒரே தலைப்புதான், ஆனால் நடந்தவை நேர் எதிரான இரண்டு வேலைகள். நம் போனில் இருக்கும் ‘குரலைச் சுத்தம் செய்யும்’ செயலிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றன. எங்கே நிற்கிறோம் என்பதை அவை சொல்வதில்லை.

இரைச்சலை நீக்கும் பழைய முறை எளிமையானது. 1979இல் ஸ்டீவன் போல் என்பவர் எழுதிய கட்டுரையோடு பரவலானது. யாரும் பேசாத இடத்தில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்குமே, அதை மாதிரியாக எடுத்துக்கொண்டு, பதிவு முழுவதிலிருந்தும் கழித்துவிடுவது. ‘ஆடாசிட்டி’ போன்ற இலவச மென்பொருள்களில் அடிப்படையில் இன்றும் இந்த வழிதான். ஃபேன், ஏசி மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்துக்கு இது போதும். திடீரென்று குரைக்கும் நாய்க்கும் பஸ் ஹாரனுக்கும் போதாது. அளவுக்கு மீறிக் கழித்தால், தண்ணீருக்குள் குருவி கத்துவது போலக் குரலைச் சுற்றிக் கிணுகிணுவென்று ஒரு மிச்சம் நிற்கும்.

அடுத்து வந்தது பழக்கும் முறை. சுத்தமான பேச்சில் நாமே இரைச்சலைக் கலந்து, கலந்ததையும் கலக்காததையும் சேர்த்துக் காட்டிக் கணினியைப் பழக்குவது. 2017இல் ழான்-மார்க் வாலின் வெளியிட்ட ‘ஆர்என்நாய்ஸ்’ இதில் பெயர் பெற்றது. ஒலியை அடியிலிருந்து உச்சிவரை 22 பட்டைகளாகப் பிரித்துக்கொண்டு, 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை எந்தப் பட்டையை எவ்வளவு அனுமதிக்கலாம் என்று முடிவெடுக்கும். சாதாரணக் கணினியிலேயே ஓடும். இதில் எனக்குப் பிடித்த குணம், இது குறைக்க மட்டுமே செய்யும் என்பது. இல்லாத ஒலியைக் கொண்டுவந்து சேர்க்காது. தப்பு செய்தால் ஒரு சொல் விழுங்கப்படும், வேறு சொல்லாக மாறாது.

மூன்றாவது வகைதான் சிக்கல். பழைய வகைத் தொலைபேசி அழைப்பில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் இருக்கும். ‘ஸ’வின் சீறலில் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால் வந்தே சேராது. அந்தப் பதிவை ஸ்டுடியோவில் பேசியது போல மாற்றிக் கொடுக்கும் கருவி, வராத அந்தப் பகுதியை எங்கிருந்து எடுக்கும்? ஊகிக்கும். ஆயிரக்கணக்கான குரல்களைக் கேட்ட பழக்கத்தில், இந்த இடத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று புதிதாக ஒலியைச் செய்து வைக்கும். பாட்காஸ்ட் நடத்துகிறவருக்கு அது வரப்பிரசாதம். அவர் பேசியது அவருக்கே தெரியும், தப்பானால் கண்டுபிடித்துவிடுவார். ஆவணமாக வைக்கவேண்டிய குரலுக்கு அது ஆபத்து.

நான் ஒரு கிராமத்துப் பாட்டியிடம் பேசிப் பதிந்ததில் இதை நேரில் பார்த்தேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்த நேரம். மாமனார் காலத்து நிலத்தைப் பற்றிச் சொல்லும்போது “வச்சுட்டாரு” என்றாரா, “வித்துட்டாரு” என்றாரா என்பது மிக்ஸி சத்தத்தில் மூழ்கிவிட்டது. அடகா, விற்பனையா? கதையே அதில்தான் இருக்கிறது. ஒரு கருவியில் போட்டேன். துல்லியமாக “வச்சுட்டாரு” என்றது. இன்னொன்றில் போட்டேன், அதே துல்லியத்தோடு “வித்துட்டாரு” என்றது. இரண்டும் பாட்டியின் குரலேதான், கொஞ்சம்கூடத் தடுமாற்றம் இல்லை. கடைசியில் போன் போட்டு அவரிடமே கேட்டேன். “மொதல்ல வச்சாரு, மீக்க முடியாம அப்புறம் வித்தாரு தம்பி. நீ எதக் கேக்குற?” என்று சிரித்தார். அதே பதிவில் அவர் போட்டுக் காட்டிய குலவையை இரண்டு கருவிகளும் ஒருமனதாக இரைச்சல் என்று தீர்மானித்து நீக்கியிருந்தன. பேச்சைக் கேட்டே பழகிய கருவிக்குக் குலவை பேச்சில்லை, அவ்வளவுதான். ஒப்பாரி, தாலாட்டு, தெருக்கூத்து என்று பதிவு செய்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

பேச்சை எழுத்தாக்கும் கருவிகளிலும் இந்த நோய் உண்டு. ஓபன்ஏஐயின் ‘விஸ்பர்’ பற்றி 2024இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, பரிசோதித்த பதிவுகளில் சுமார் 1 சதவீதத்தில் யாரும் சொல்லாத சொற்றொடர்களையோ முழு வாக்கியங்களையோ அது எழுதிவைத்ததைக் காட்டியது. பேச்சுக் குறைபாட்டால் இடையிடையே நின்று நின்று பேசுகிறவர்களின் பதிவில் இது அதிகம். மௌனம் வந்தால் கருவிக்குக் கை பரபரக்கிறது. அதே 2024இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒரு கொலை வழக்கில், ஏஐ கொண்டு மெருகேற்றிய வீடியோவைச் சாட்சியமாக ஏற்க நீதிபதி மறுத்தார். படத்துக்குச் சொன்னது ஒலிக்கும் பொருந்தும்.

வாட்டர்கேட் ஊழல் வழக்கின் நாடாவில் அழிந்த பதினெட்டரை நிமிடத்தை நினைத்துக்கொள்கிறேன். 1972 ஜூன் 20 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் தன் உதவியாளர் ஹால்டமனோடு பேசியது. அந்தப் பகுதி குறைந்தது ஐந்து முறையாவது தனித்தனியாக அழிக்கப்பட்டது என்று 1974இல் நிபுணர் குழு சொன்னது. பேச்சை மீட்க முடியுமா என்று அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் மீண்டும் முயன்று 2003இல் கைவிட்டது. வெறும் ரீங்காரம் மட்டுமே மிச்சம். அந்த ரீங்காரத்தை இன்றைய ஊகிக்கும் கருவியிடம் கொடுத்தால், நிக்சனைச் சரளமாகவே பேசவைத்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

ரீங்காரத்தை அலட்சியமாக நினைப்பதும் தப்பு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. ஆனால் அது அசையாமல் 50இலேயே நிற்பதில்லை. நொடிக்கு நொடி நூலிழை அளவு ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் ஒரு நாளுக்கு இருந்தது போல இன்னொரு நாளுக்கு இருக்காது. லண்டன் பெருநகரக் காவல்துறையின் தடயவியல் பிரிவு 2005 வாக்கிலிருந்து மின்சாரத்தின் ரீங்காரத்தை இடைவிடாமல் பதிந்து வைத்தது. சந்தேகத்துக்குரிய ஒரு பதிவில் இருக்கும் ரீங்காரத்தை அதோடு ஒப்பிட்டு, என்றைக்குப் பதிந்தது, நடுவில் வெட்டி ஒட்டினார்களா என்று கண்டுபிடிக்கிறார்கள். ‘இரைச்சல்’ என்று நாம் துடைத்துப் போடுவது இன்னொருவருக்குச் சாட்சி.

ஆகவே வீட்டில் செய்கிறவர்களுக்கு என் யோசனை இதுதான். மூலப் பதிவைத் தொடாதீர்கள். பிரதி எடுத்து அதில் வேலை செய்யுங்கள். முதலில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் அடிக் கனத்தையும் சாதாரண ஃபில்டரில் குறையுங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு, குறைக்க மட்டும் தெரிந்த கருவியைப் பயன்படுத்துங்கள். அதையும் முழு அளவுக்கு முடுக்காமல், இரைச்சல் லேசாகக் காதில் படுகிற இடத்தில் நிறுத்துங்கள். ஊகித்து நிரப்பும் கருவியைத் தொட்டே ஆகவேண்டுமானால், கோப்பின் பெயரிலேயே அதை எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் குரல் செய்தியாக வேண்டாம், டாக்குமென்டாக அனுப்புங்கள். குரல் செய்தி பதிவைச் சுருக்கிவிடும். இனிமேல் பதியப்போகிறவர்கள் ஃபேனை நிறுத்திவிட்டு, மைக்கைப் பேசுகிறவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது.

ஏற்கெனவே சுத்தம் செய்து முடித்தவர்கள் மூலப் பதிவு இன்னும் இருக்கிறதா என்று இன்றே தேடிப்பாருங்கள். போன் நினைவகம் நிரம்பிவிட்டதென்று முதலில் அழிக்கப்படுவது அதுதான்.

(தொடரும்)