தன்மேற் செல்லும் ஏவலும் ‘கொள்’ என்னும் துணைவினையும்

யாழ்ப்பாணம் 1619இல் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே முடியின்கீழ் இருந்தமையால், அக்காலத்தில் இத்தீபகற்பத்துக்கும் ஸ்பெயின் மன்னனே அரசனாயினன். ஆயினும் ஸ்பானிய மொழி இங்கு வழங்கவில்லை. அதன் உடன்பிறந்த மொழியாகிய போர்த்துக்கேயமே கதிரை, அலுமாரி முதலிய சொற்களைத் தந்து சென்றது. பெயர்ச்சொற்கள் எளிதிற் கடல் கடப்பன. ஏவும் முறை அங்ஙனம் கடப்பதன்று. ஆதலின் இருமொழி ஏவலையும் ஒப்புநோக்குதல் நம் மொழியின் இயல்பை விளக்கும்.

ஸ்பானிய மொழியில் ‘லாவா’ என்பது ‘கழுவு’ என்னும் ஏவல். செய்பவனையே செயல் சென்றடையின், ‘உன்னை’ எனப் பொருள்படும் ‘தே’ அதன் இறுதியில் ஒட்டி ‘லாவாத்தே’ என ஒரு சொல்லாய் நிற்கும். ஒலியழுத்தம் பழைய அசையிலேயே நிற்பதைக் காட்ட ஒரு குறியும் இடப்படும். மரியாதைக்குரியாரை ஏவுமிடத்து வினையும் மாறும், ஒட்டும் மாறும்: ‘லாவேசே’. ‘நாம் கழுவிக்கொள்வோம்’ என்னும் பொருளில் ‘லாவேமோஸ்’ என்பதோடு ‘நோஸ்’ புணருங்கால் இடைநின்ற ஸகரம் கெடும். இது நம் புணரியற் கெடுதலை ஒப்பது. விலக்கிலோ அவ்வொட்டு வினைக்கு முன்னே பெயர்ந்துவிடும்: ‘நோ தே லாவேஸ்’.

தமிழில் இப்பொருளைத் தருவது ‘கொள்’ என்னும் துணைவினை. பந்தியில் பரிமாறுபவரை நோக்கிச் ‘சோற்றைப் போடும்’ என்றால் அது பிறர் இலைக்கு. உண்பவரை நோக்கிச் ‘சோற்றைப் போட்டுக்கொள்ளும்’ என்றால் அது அவர்தம் இலைக்கு. ‘கழுவிக்கொள்’, ‘கழுவிக்கொள்ளாதே’ என விதியிலும் விலக்கிலும் ‘கொள்’ தன் இடம் பெயர்வதில்லை. வடமொழியிலும் ‘பச’ என்பது பிறர்க்காகச் சமைக்கவும், ‘பசஸ்வ’ என்பது தனக்காகச் சமைக்கவும் ஏவுதலை ஆத்மநேபத இலக்கணம் கூறும்.

எனினும், ஸ்பானிய ஒட்டு வருமிடமெல்லாம் ‘கொள்’ வரும் எனக் கொள்ளுதல் பிழை. ‘லெவாந்தார்’ என்பது எழுப்புதல்; ‘லெவாந்தார்சே’ என்பது எழும்புதல். ‘செந்தார்’ என்பது இருத்துதல். ‘செந்தார்சே’ என்பது இருத்தல். அங்கே ஒட்டினால் வேறுபடுவதை இங்கே தன்வினை, பிறவினை வடிவங்களே வேறுபடுத்துகின்றன. ஆகவே அம்மொழி ஏவலை ‘உன்னை எழுப்பு’ என்றோ ‘எழும்பிக்கொள்’ என்றோ பெயர்த்தல் தகாது. ‘எழும்பு’ என்பதே அமையும். மறுதலையாக, ‘பிள்ளையைப் பார்த்துக்கொள்’ என்புழிக் ‘கொள்’ காத்தற்பொருளை விளைக்கின்றது. ஸ்பானியத்திலும் ‘வேத்தே’ என்பது ‘போய்விடு’ எனவே பொருள்படும். அங்கே ‘தே’ என்பதற்கு ‘உன்னை’ என்னும் பொருள் இல்லை.

மரியாதை காட்டுவதில் யாழ்ப்பாண வழக்கு தனிச் சிறப்புடையது. ஸ்பானியம் ஒருவரை ஏவுதற்குப் பொதுவில் இரு படிகளையே உடையது. இங்கோ நீ, நீர், நீங்கள் என்னும் மூன்றற்கும் ஏற்ப, ‘பார்த்துக்கொள்’, ‘பார்த்துக்கொள்ளும்’, ‘பார்த்துக்கொள்ளுங்கோ’ என மூன்று படிகள் உள. மரியாதை முழுவதையும் ‘கொள்’ என்பதன் ஈறே தாங்க, ‘பார்த்து’ என்னும் எச்சம் மாறாது நிற்கின்றது. பன்மை ஏவலுக்குத் தொல்காப்பியம் கூறிய ‘மின்’ ஈறு இன்று பேச்சில் வழங்காதாயினும், ‘உம்’ ஈறு நம் வீடுகளிற் கேட்கப்படுகின்றது.

தன்வினை, பிறவினை என்பவற்றை நெட்டுருப் பண்ணும் மாணவன், ‘எழும்பும்’ எனத் தான் நாடோறும் கேட்கும் ஏவலில் அவ்விலக்கணம் வாழ்வதைக் காண்பதில்லை. இடைப்படியாகிய ‘நீர்’ வழக்கைக் கொச்சையென விலக்கின், ஒத்தாரை ஒத்தாராக ஏவும் ஒரு வாயிலை நாமே அடைத்தவராவோம். எழுத்துவழக்கைக் கற்பிக்கும் ஆசிரியர் இப்பேச்சுவழக்கையும் எடுத்துக்காட்டி விளக்குவாராயின், இலக்கணம் மாணவனுக்குத் தன் வீட்டுப் பொருளாகும். பிறமொழி கற்றற்கும் அதுவே துணையாகும்.