உங்களுக்குத் தெரியுமா? – முகத்துக்கு வெள்ளை, கேன்வாஸுக்கு வண்ணம்
1970களில் நியூயார்க் ஓவியர் ஆண்டி வார்ஹோலிடம் தங்கள் உருவப்படத்துக்குச் சொல்லிவைத்தவர்கள், மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியதில்லை. முதலில் பெரும்பாலும் முகத்தில் கனமான வெள்ளைப் பூச்சு. சுருக்கங்கள் அங்கேயே மறைந்துவிடும்! அடுத்து ‘பிக் ஷாட்’ போலராய்டு கேமராவில் டஜன் கணக்கில் படங்கள். இந்தக் கேமராவில் ஃபோகஸைத் திருக முடியாது. படம் தெளிவாக விழும் வரை எடுப்பவர்தான் முன்னும் பின்னும் நகர வேண்டும்.

தேர்ந்தெடுத்த படத்தைப் பெரிதாக்கி சில்க்ஸ்கிரீன் எனும் அச்சுத்திரை தயாரிப்பார்கள். 40 அங்குலச் சதுரக் கேன்வாஸில் உதடு, கண்ணிமை, பின்னணி என்று அக்ரிலிக்கில் நிறம் தீட்டி, அதன்மேல் முகத்தை அச்சிடுவார்கள். அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் வேலை வேகமாக நடக்கும். எண்ணெய் வண்ணமென்றால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

முதல் கேன்வாஸுக்கு 25,000 டாலர். அதே முகம் வேறு நிறத்தில் இன்னொன்று வேண்டுமா? விலை குறையும். துணிக்கடைத் தள்ளுபடி தோற்றது!

இதற்கெல்லாம் முன்னோடி, 1963-இல் எத்தல் ஸ்கல் என்பவருக்காகச் செய்த படம். காசு போட்டால் படமெடுக்கும் பெட்டிக்குள் அவரை உட்காரவைத்தார் வார்ஹோல். வந்த படங்களிலிருந்து பிறந்தவை 36 முகங்கள்.