உங்களுக்குத் தெரியுமா? கடல் தாண்டிய பெண்கள்

லாஸ்பேட்டை ஓடுதளத்துக்கு விமானம் தாழ இறங்கும்போது, கோட்டக்குப்பத்து மாடிகளில் துணி காயப்போடுகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். பிரான்சுக்கோ வளைகுடாவுக்கோ ஆள் போகாத குடும்பம் இங்கே குறைவு. விமானம் நமக்குப் புதிதல்ல, அதை ஓட்டிய பெண்களின் பெயர்கள்தான் புதிது.

✈

1951-ல் மதராஸ் அரசுக்காக ஒரு டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து எடுத்துவர ஒரு தம்பதி போனார்கள்: கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும். டவ் என்றால் புறா. இரட்டை எஞ்சின் வைத்த சின்னப் புறா. லண்டனிலிருந்து பம்பாய்க்கு அதை 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார்கள். பிஸ்டன் எஞ்சின் விமானத்துக்கு அது அன்றைய சாதனை.

‘கணவர் ஓட்டியிருப்பார், அம்மா துணைக்குப் போயிருப்பார்’ என்று நினைத்தால் தப்பு. 1924-ல் பிறந்த உஷா, 1949-ல் பெங்களூரு ஜக்கூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் தேறிய முதல் பெண். அதற்கும் முன்பே மைசூர் மகாராஜாவின் டகோட்டாவில் துணை விமானியாக இருந்தவர். பிரிவினை நாட்களில் பாகிஸ்தானில் சிக்கியவர்களை ஏற்றிவந்த விமானங்களிலும் அவர் இருந்தார்.

சென்னைக்காரர்களுக்கு இந்தத் தம்பதி வேறு வழியில் பழக்கம். தெருநாய் அடிபட்டுக் கிடந்தால் போன் போடுகிறோமே, அந்த ப்ளூ கிராஸை 1959-ல் தொடங்கியவர்கள் இவர்கள்தான். நாய்க்குட்டிகள் பெற்றுத் தந்த புகழை 27 மணி நேரப் பயணம் பெற்றுத் தரவில்லை. உஷா 2010-ல் காலமானார்.

✈

அட்லாண்டிக்கை வானில் கடந்த முதல் பெண் அமீலியா இயர்ஹார்ட். ஆண்டு 1928. ஆனால் ஸ்டல்ட்ஸ் என்ற விமானிதான் ஓட்டினார், கார்டன் என்பவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டார், அமீலியா 20 மணி 40 நிமிடமும் சும்மா உட்கார்ந்திருந்தார். ஊரே மாலையோடு நின்றபோது, தன்னை உருளைக்கிழங்கு மூட்டையைப்போல ஏற்றி இறக்கினார்கள் என்று அவரே சொல்லிவிட்டார். மாலை கழுத்தில் இருக்கும்போதே அப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

அந்த மூட்டைக் கணக்கை நான்கு வருடம் கழித்துத் தீர்த்தார். 1932 மே மாதம், தன்னந்தனியாக, நியூஃபவுண்ட்லாந்தின் ஹார்பர் கிரேஸிலிருந்து கிளம்பினார். வழியில் உயரமானி நின்றுபோனது. இறக்கையில் பனி உறைந்தது. எஞ்சின் புகைக்குழாய் விரிசலில் தீ நாக்கு நீட்டியது. 14 மணி 56 நிமிடத்தில் வட அயர்லாந்தில் ஒரு மாட்டு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினார். ‘ரொம்ப தூரத்திலிருந்தா?’ என்று கேட்ட பண்ணையாளிடம், ‘அமெரிக்காவிலிருந்து’ என்றாராம்.

நம் பக்கம் அதே வருடம் அக்டோபரில்தான் முதல் டாடா விமானத் தபால் சென்னைக்கு வந்து சேர்ந்தது.

✈

அமீலியா இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். 1937-ல் உலகைச் சுற்றக் கிளம்பியவர், எரித்ரியாவிலிருந்து நேராக அன்றைய இந்தியாவின் கராச்சியில் இறங்கி, அங்கே ஒட்டகச் சவாரியும் போனார். பிறகு கல்கத்தா டம் டம். மழையில் ஊறிக் கிடந்த தரையிலிருந்து விமானம் எழும்பவே தயங்கியது, மரங்களை உரசாத குறையாகத் தப்பியது. பர்மா கடற்கரையில் பருவமழை அடித்த அடியில் இறக்கை விளிம்பில் பெயிண்டே உரிந்ததாம். இரண்டு வாரம் கழித்து, ஜூலை 2 அன்று, பசிபிக்கில் ஹவ்லாண்ட் தீவைத் தேடிப் போன விமானம் திரும்பவில்லை.

✈

சட்டைத் துணியில் விமானம் தைக்க முடியுமா? முடிந்திருக்கிறது. 1930-ல் ஆமி ஜான்சன் என்ற 26 வயது ஆங்கிலேயப் பெண், லண்டன் குரோய்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குத் தனியே பறந்தார். பெட்ரோல் தீரும் நிலையில் ஜான்சியில் ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். ரங்கூன் அருகே கால்பந்து மைதானத்தில் இறங்கியதில் இறக்கைத் துணி கிழிந்தது. முதல் உலகப் போர் முடிந்து மிஞ்சிய விமானத் துணியில் உள்ளூரில் சட்டை தைத்திருந்தார்கள். அந்தச் சட்டைகளைப் பிரித்து மறுபடி இறக்கையாக்கினார்கள்! மே 24 அன்று, திமோர் கடலையும் தாண்டி, டார்வின் போய்ச் சேர்ந்தார்.

✈

எதிர்காற்றில் படகு தள்ளுவது என்ன பாடு என்பதை நம் குப்பத்து மீனவர்களிடம் கேட்க வேண்டும். அட்லாண்டிக்கில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். அதனால் அமெரிக்காவிலிருந்து வருவது சுலபம், போவதுதான் கஷ்டம். கென்யாவில் பந்தயக் குதிரை பழக்கிய பெரில் மார்க்கம் 1936-ல் அந்தக் கஷ்டமான வழியில் தனியே போன முதல் பெண்ணானார். கனடாவின் கேப் பிரெட்டனில் எரிபொருள் வராமல், விமானத்தின் மூக்கு குத்தி, சதுப்பில் நின்றார். 1919-ல் அட்லாண்டிக்கை முதன்முதலில் நிற்காமல் கடந்த ஆல்காக்கும் பிரவுனும் அயர்லாந்தில் புல்வெளி என்று நம்பி இறங்கியதும் சேற்றில்தான். கடல் தாண்டுகிறவர்களுக்குச் சேறு ராசி போலும்.

✈

அதே 1936-ல் லாகூரில் 21 வயது சரளா தக்ரால் சேலை கட்டிக்கொண்டே ஜிப்சி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டினார். வீட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தை.

2019-ல் மும்பையின் ஆரோஹி பண்டிட், 23 வயதில், ‘மாஹி’ என்ற இலகுரக விமானத்தில் ஐஸ்லாந்து, கிரீன்லாந்து வழியாக அட்லாண்டிக்கைத் தனியே கடந்தார். அந்த வகை விமானத்தில் அப்படிக் கடந்த முதல் பெண் உலகிலேயே அவர்தான்.

✈

கடைசியாக ஒன்று, நம் கரையிலிருந்தே. உப்பு வாரி ஓய்ந்த மரக்காணம் பாத்திகளுக்கு மேல், ஐப்பசி மழைக்கு முன் தட்டான்கள் கூட்டமாகச் சுற்றும். தாழப் பறந்தால் மழை என்போம். ஒரு கிராம்கூட எடை இல்லாத மஞ்சள் தட்டான் இனம் ஒன்று, தென்னிந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரை இந்தியப் பெருங்கடலைத் தாண்டுகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். காற்று மாறியதும் திரும்பி வருவது அதே தட்டான்கள் அல்ல, அவற்றின் வாரிசுகள்.